இருபதாம் தேதிக்குப் பிறகு

முத்தியால்பேட்டையிலிருந்து பாரிசுக்குப் போய் நான்கு மாதமான தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். சம்பளம் மாதக் கடைசியில்தான் வருகிறது. இருபதாம் தேதிக்கே கை காலியாகிவிடுகிறது. மிச்சப் பத்து நாளும் மலிவாக எதைச் சாப்பிட்டுச் சமாளிப்பது? எந்த போன் இணைப்பு மலிவு? மனைவியை எப்போது அழைத்துக்கொள்ளலாம்?"

தம்பி, நான் இப்போது விடுமுறைக்குப் புதுச்சேரி வந்திருக்கிறேன். குருசுக்குப்பத்து வீட்டில் அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டினேன். "இருபதாம் தேதி கிடக்கட்டும். சம்பளம் வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளை என்ன செய்தான் என்று கேள்" என்றார். நானும் அதையேதான் கேட்கிறேன்.

போன் இணைப்புகள் விலையில் வேறுபடும், ஒப்பிட்டுப் பார்த்து மலிவானதை வாங்கிக்கொள்ளுங்கள். மனைவியை அழைக்க முறையான அனுமதியோடு 18 மாதம் வசித்திருக்க வேண்டும், போதிய வீடும் நிலையான வருமானமும் காட்ட வேண்டும். நான்காம் மாதத்தில் அதை நினைத்து மனத்தை வருத்திக்கொள்ளாதீர்கள். சோற்றைப் பற்றிப் பேசுவோம்.

முதல் எச்சரிக்கை: வட்டிக்கு வாங்கிச் சாப்பிடாதீர்கள். நான் 1996 நவம்பரில் போய் இறங்கினேன். பாரிசுக்கு வடக்கே கார்ஜில் ஒரே அறையில் ஐந்து பேர். உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலை. முதல் சம்பளம் வந்ததும் வாடகை போக மீதியை அப்படியே ஊருக்கு அனுப்பிவிட்டேன். பயணத்துக்கு வாங்கிய கடன் ஒரு பக்கம். மகன் பிரான்சிலிருந்து பணம் அனுப்பினான் என்று அப்பா தெருவில் நாலு பேரிடம் சொல்ல வேண்டும் என்ற ஆசை இன்னொரு பக்கம். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி சட்டைப்பையில் சில்லறைதான் மிஞ்சியது. அப்போது ஒரு நீள ரொட்டி நான்கு பிராங்க் அளவில் விற்றது. அதை மூன்றாக வெட்டி, காலை, மதியம், இரவு என்று தேநீரில் நனைத்துத் தின்றேன். ஆறாம் நாள் கழுவுதொட்டி முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையில் தட்டு அடுக்கு, மறு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். அந்தத் தகரத்தின் குளிர்ச்சி இன்றும் உள்ளங்கையில் இருக்கிறது. அன்று மாலை நம் ஊர்க்காரர் ஒருவரிடம் 500 பிராங்க் கடன் வாங்கினேன். மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டி. வட்டி கட்டியதால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் பணம் தீர்ந்தது, இன்னும் வாங்கினேன். அந்தக் கணக்கை முடிப்பதற்குள் மறு தீபாவளி வந்துவிட்டது.

இதில் என்னை இன்றும் கொதிக்கவைப்பது வேறொன்று. பிரான்சில் உணவகத் தொழிலாளிக்கு, சாப்பாட்டு வேளையில் வேலையில் இருந்தால், முதலாளி சாப்பாடு போட வேண்டும். போடாவிட்டால் அதற்கு ஈடான தொகையைச் சம்பளத்தோடு சேர்த்துத் தர வேண்டும். அது விதி. நான் பசியோடு கழுவிய தட்டுகளில் பாதி உணவு மீந்து குப்பைக்குப் போனது. எனக்கு உரிமை உண்டு என்று அந்த முதலாளி சொல்லவில்லை, ஐந்து வருடமாக அங்கே இருந்த நம் ஆட்களும் சொல்லவில்லை. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்து, சாப்பாட்டுக்கு என்று தனியாக ஒரு தொகை எழுதியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இன்னொன்றும் உண்டு. மாதச் சம்பளக்காரர் கேட்டால், பாதி மாதம் உழைத்த பிறகு அந்தப் பாதிச் சம்பளத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். 'அக்கோந்த்' என்று கேளுங்கள். அது கடன் அல்ல, நீங்கள் ஏற்கெனவே உழைத்த பணம். ஊர்க்காரரிடம் வட்டிக்குக் கை நீட்டுமுன் முதலாளியிடம் இதைக் கேளுங்கள். ஆனால் மாதாமாதம் கேட்டால், மாதக் கடைசியில் பாதிச் சம்பளம்தான் வரும் என்பதையும் மறக்காதீர்கள்.

இப்போது அம்மா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அப்பா மில் தொழிலாளி. சம்பள நாளன்று அம்மா அரிசி வாங்கி வந்ததும் முதல் வேலையாகப் பத்து நாளைக்கு உரியதை அளந்து தனிப் பானையில் கொட்டுவார். பானை வாயைப் பழைய வேட்டித் துணியால் மூடி, சணலால் இரட்டை முடிச்சுப் போடுவார். விருந்தாளி வந்தாலும் அந்த முடிச்சு அவிழாது. இருபதாம் தேதிக்குப் பிறகுதான் திறப்பார். வீட்டில் குழம்பு மெலிந்த நாட்கள் உண்டு, கேழ்வரகுக் கூழும் கருவாடும் மட்டுமே இருந்த நாட்கள் உண்டு. அடுப்பு எரியாத நாள் இல்லை. இதைப் பார்த்து வளர்ந்த நான், பிரான்சில் முதல் வருடம் முழுவதும் அந்தப் பானையை மறந்திருந்தேன்.

இரண்டாம் வருடம் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். சம்பளம் வந்த அன்றே, ஊருக்கு அனுப்புவதற்கு முன்பே, கடைசிப் பத்து நாளைக்கு வாங்கிவைத்துவிடுங்கள். ஓர் ஆளுக்கு நான்கு கிலோ அரிசி, ஒரு கிலோ மைசூர் பருப்பு போதும். ஆப்பிரிக்கக் கடைகளில் உடைந்த அரிசி பெரிய மூட்டையாகக் கிடைக்கும். நம் ஊர் நொய்தான் அது. முழு அரிசியை விட மலிவு, சீக்கிரம் வேகும், கஞ்சிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. அறையில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்குங்கள். பாரிசின் பார்பெஸ் பகுதியில் மெட்ரோ பாலத்தின் கீழே புதனும் சனியும் காய்ச் சந்தை கூடும். காலையில் போகாதீர்கள். கடை கட்டும் நேரத்தில் போனால் தக்காளியும் கத்தரிக்காயும் கூடை கூடையாக விலை இறங்கும்.

குழம்புக்கு டப்பா மத்தி. எண்ணெயில் போட்ட டப்பாவாக வாங்குங்கள். அந்த எண்ணெயையே சட்டியில் ஊற்றிக் காயவைத்தால் தனி எண்ணெய் வேண்டாம். காய்ந்ததும் ஊரிலிருந்து கொண்டுபோன வடகம் அரை உருண்டையை உதிர்த்துப் போடுங்கள். பொரிந்து மணம் எழும்பும்போது வெங்காயம், பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், புளித்தண்ணீர். நன்றாகக் கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீனைப் போட வேண்டும்; கரண்டி போடாமல் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்குங்கள். இரண்டு டப்பாவில் மூன்று வேளை ஓடும், மறுநாள் ருசி கூடும். நம் வடகத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் 'வடுவான்' என்று சின்னப் புட்டியில் அடைத்து, நல்ல விலைக்கு விற்கிறார்கள். அதை அங்கே காசு கொடுத்து வாங்காதீர்கள். கோடையில் அம்மாவிடம் சொல்லி உருட்டிக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சனிக்கிழமைதோறும் கொத்து ரொட்டி தின்றுவிட்டு, இருபதாம் தேதி கையைப் பிசையும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பற்றுநோட்டில் எழுதிவைத்து வாங்குவதும் கடன்தான். அங்கே கடை வைத்திருக்கும் ஈழத்து அண்ணன்மார் பலர் வெறுங்கையோடு வந்தவர்கள். அறைக்கு ஒரு சட்டி, முறை வைத்துச் சமையல் என்று நின்று நிமிர்ந்தார்கள். நம் ஆட்களில் சிலருக்கு அந்த ஒற்றுமை வரவில்லை. புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமை கேட்க ஆறு மாத அவகாசம் இருந்தது. எழுதிக் கேட்ட குடும்பங்கள் ஒரு கரை, என் தாத்தாவைப்போல் கேட்காமல் விட்டவர்கள் மறு கரை. பாஸ்போர்ட் உள்ள உறவினர் வீட்டில் அந்த முதல் குளிர்காலத்தில் நான் கதவைத் தட்டியபோது, "சாப்பிட்டாயா" என்ற ஒரு சொல் வரவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த வாரம் எனக்குச் சோறு போட்டவர்கள் முன்பின் தெரியாதவர்கள். பாரிசை ஒட்டிய பொபினியில் சீக்கியர் குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தால் ரொட்டியும் பருப்பும் வரும், யார் எவர் என்று கேட்கமாட்டார்கள். கொலூஷ் என்ற நகைச்சுவை நடிகர் 1985இல் தொடங்கிய 'ரெஸ்தோ து கேர்' என்ற தொண்டு அமைப்பு தெருவில் சூடான சாப்பாடு தருகிறது. அங்கேயும் நின்றிருக்கிறேன். வெட்கப்படாதீர்கள். என் கையில் சூப் கிண்ணத்தை வைத்த கிழவி, அது சூடு என்று என் விரல்களைத் தன் கையுறைக்குள் மூடிப் பிடித்துக்கொண்டார்.

அம்மா எழுந்து போய் உள்ளே ஏதோ கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கிலோ கேழ்வரகு மாவும் ஆறு வடக உருண்டையும் உங்களுக்காம். வரும் 28ஆம் தேதி திரும்புகிறேன். அதற்கடுத்த ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஒரு பையோடு வாருங்கள். மாவுப் பொட்டலத்துக்கு இரட்டை முடிச்சுப் போட்டிருக்கிறார், இருபதாம் தேதிக்கு முன்னால் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார்.