பதில்: சொந்த ஊரிலேயே போக இடம் தெரியவில்லை

வணக்கம். பிறந்து வளர்ந்த ஊரிலேயே வாரக் கடைசியில் எங்கே போவதென்று தெரியவில்லை, கூகுள் மேப்ஸில் தேடினால் திரும்பத் திரும்ப அதே கடைகள்தான் வருகின்றன என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தேடலில் தப்பில்லை. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகியவற்றை வைத்துத்தான் கூகுள் மேப்ஸ் கடைகளை வரிசைப்படுத்துகிறது. ஏற்கெனவே பேர் வாங்கிய கடை மேலேயே நிற்கும், சந்துக்குள் இருக்கும் சின்னக் கடை அடியில் போய்விடும்.

அதனால் ஊர் முழுக்கத் தேடாதீர்கள். தினமும் வண்டியில் கடந்துபோகிற ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நாலைந்து தெரு மட்டும் தெரிகிற அளவுக்கு வரைபடத்தைப் பெரிதாக்கி, அந்த இடத்துக்குள் மறுபடி தேடுங்கள். இதுவரை கண்ணில் படாத பெயர்கள் வரும். விமர்சனங்களைப் புதியவை முதலில் வரும்படி மாற்றிப் படியுங்கள். நட்சத்திரக் கணக்கைவிட, அண்மையில் யாரோ எடுத்துப் போட்ட படம் அதிகம் சொல்லும்.

அப்புறம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நடங்கள், இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன். மாடிப்படி ஓரம் மாட்டிய சின்னப் பலகையும், வாசல் குறுகி உள்ளே நீளும் பழைய புத்தகக் கடையும் வண்டி வேகத்தில் தெரியவே தெரியாது. ஒரு கடை பிடித்துப்போனால் அங்கே வேலை செய்பவரிடமே, "வேலை முடிஞ்சதும் நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். கூட்டமில்லாத நேரம் பார்த்துக் கேட்டால் நின்று வழி சொல்வார்கள்.



தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்றீர்களே, கூகுள் மேப்ஸில் பல கடைகளின் பெயரைத் தொட்டுத் திறந்தால், எந்த நேரம் கூட்டம் அதிகம் என்று பட்டை பட்டையாகக் காட்டியிருக்கும். குட்டையான பட்டை இருக்கும் நேரத்தில் முதல் தடவை போய்விட்டு வாருங்கள்.