கையால் செய்த தோல் பொருளுக்குச் சாயமா, வண்ண எண்ணெயா?

சாயம் தோலின் நாருக்குள் இறங்கி அழுத்தமான நிறம் தரும். வண்ண எண்ணெய் என்பது நிறம் கலந்த எண்ணெய். தோலை மென்மையாக்கி, லேசான நிறமும் ஏற்றும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் சாயம், நன்றாகக் காய்ந்த அப்புறம் எண்ணெய்.

எதுவானாலும் தோல் அதைக் குடிக்க வேண்டும். எண்ணெய்க் கையில் மருதாணி சரியாகப் பிடிக்காது இல்லையா, அதே கதைதான். அதனால் சென்னை பெரியமேட்டுக் கடைகளில் தோல் வாங்கும்போது, ஆவாரம்பட்டை மாதிரி தாவரப் பொருளில் பதனிட்டு, மேல்பூச்சு போடாததாகக் கேளுங்கள். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்: உறிஞ்சினால் நல்லது, முத்தாக நின்றால் நிறம் ஏறாது. வெட்டி மீந்த துண்டில் சோதிக்காமல், நீங்கள் செய்த பர்ஸில் நிறம் பூசவே வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் தடவினாலே நிறம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தோலைக் கருக்க வைக்குமே தவிர சாயம் ஏற்றாது, அதிகமானால் தோல் தொளதொளத்துவிடும்.