எல்.எச்.சி.யின் பீம் டம்ப்பை 2019–21 பராமரிப்பு நிறுத்தத்தில் ஏன் மாற்றி அமைத்தார்கள்?

எல்.எச்.சி. என்ற துகள் முடுக்கியில் சுற்றும் புரோட்டான் கற்றையை வெளியேற்றும்போது, அதைக் கொட்டி ஆற்றலை உறிஞ்சவைக்கும் கட்டைதான் பீம் டம்ப். மாற்றத்துக்குக் காரணம் நடுவிலிருக்கும் கிராஃபைட் அல்ல, அதைச் சுற்றியுள்ள எஃகுக் கூடு.

செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி.யில் கற்றைக்கு ஒன்றாக இரண்டு டம்ப்கள். ஒவ்வொன்றும் சுமார் 8 மீட்டர் நீளம், 6 டன் எடை. கூட்டுக்குள் நைட்ரஜன் நிரப்பியிருக்கும். 300 மெகாஜூலுக்கு மேல் ஆற்றல் வெறும் 90 மைக்ரோ நொடியில் உள்ளே இறங்கும். விரிப்புக் காந்தங்கள் கற்றையை ஒரே புள்ளியில் விழவிடாமல் வளைத்து இழுத்துச் செல்வதால் கிராஃபைட் தாங்கிக்கொள்கிறது. கூடோ, சிதறும் துகள்களால் கணத்தில் சூடேறி விரிந்து, அடித்த மணிபோல் அதிரும். அதில் இணைப்புகள் தளர்ந்து நைட்ரஜன் கசிந்தது. காற்று புகுந்தால் சூடான கிராஃபைட் ஆக்சிஜனோடு வினைபுரியும். அதுதான் உண்மையான ஆபத்து.

போல்ட்டை இறுக்கிப் பயனில்லை, அடுத்த கொட்டலில் மறுபடி அதிரும். அதனால் கூட்டைக் கற்றைக் குழாயிலிருந்து பிரித்து, எஃகு வடங்களில் தொங்கவிட்டார்கள். தாராளமாக ஆடட்டும் என்று. கூட்டின் இரு முனைகளையும் மூடும் சாளரங்களையும் டைட்டானியக் கலவையில் புதிதாகப் பொருத்தினார்கள். அருமையான தீர்வு.