அப்பாவின் ஆன்டிபாடி 180: சந்தோஷப்படலாமா?

வணக்கம். சிஎல்எல் என்ற ரத்தப் புற்றுநோய்க்கு இப்ருடினிப் மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கு, மூன்றாவது கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு ரோஷ் டெஸ்டில் (ரத்தத்தில் கோவிட் ஆன்டிபாடியை அளப்பது) 0.4க்கும் கீழே இருந்த எண் இப்போது 180 வந்திருக்கிறது, ஊசி வேலை செய்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் மாதாமாதம் இம்யூனோகுளோபுலின் (மற்றவர்களின் ஆன்டிபாடியைச் சேர்த்துத் தயாரித்த மருந்து) டிரிப் ஆரம்பித்ததாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது.

அந்த மருந்து ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பது. ஊசி போட்டவர்கள், கோவிட் வந்து போனவர்கள் எல்லோருடைய ஆன்டிபாடியும் அதில் இருக்கும். டெஸ்டுக்கு யாருடையது என்று தெரியாது, எண்ணிச் சொல்லிவிடும். அதனால் இந்த 180 பெரும்பாலும் இரவல். சுமார் மூன்று வாரத்தில் பாதியாகக் குறையும், அடுத்த டிரிப்பில் ஏறும். கோவிட் தொற்று வந்து போனதா என்று பார்க்கும் நியூக்ளியோகேப்சிட் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் வந்தாலும் இதே சந்தேகம்தான். 'தெரியாமலே கோவிட் வந்து போயிருக்கு' என்று லேப்காரர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

பழைய 0.4க்காகவும் உடைந்து போகாதீர்கள். சிஎல்எல்லில் கெட்டுப்போவதே ஆன்டிபாடிக்கு மூலமான பி செல்கள். இப்ருடினிப் அதை இன்னும் அடக்கும். நோய் எதிர்ப்பில் இன்னொரு வகையான டி செல்கள் தனியாக ஓரளவு வேலை செய்யலாம், இந்த டெஸ்ட் அதைப் பார்ப்பதே இல்லை.

என்னைக் கேட்டால், இனி இதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். எண் எதுவானாலும் அடுத்த பூஸ்டர், கூட்டத்தில் மாஸ்க், காய்ச்சல் என்றால் அன்றே கோவிட் டெஸ்ட். கோவிட்டுக்கான மாத்திரையான பாக்ஸ்லோவிட்டை அறிகுறி தொடங்கிய முதல் 5 நாளுக்குள் தொடங்க வேண்டும், ஆனால் அது இப்ருடினிபின் அளவை ரத்தத்தில் எகிற வைக்கும். அப்போது எதை நிறுத்துவது என்று ஹெமட்டாலஜிஸ்ட்டிடம் (ரத்த நோய் மருத்துவர்) இப்போதே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.