பக்கவாதத்துக்குப் பின் வரும் தோள் வலிக்குக் கையால் தரும் சிகிச்சை என்றால் என்ன?

பிசியோதெரபி நிபுணர் கருவிகள் இன்றித் தம் கைகளாலேயே தோள் மூட்டையும் தோள்பட்டை எலும்பையும் சுற்றியுள்ள தசைகளையும் மெதுவாக நகர்த்தியும் தளர்த்தியும் தரும் சிகிச்சை இது.

தோள் மூட்டின் குழி ஆழமற்றது. கை எலும்பை அதில் நிறுத்தி வைப்பவை பெரும்பாலும் தசைகளும் தசைநார்களும்தான். கூடாரத்தின் நடுக்கம்பத்தைச் சுற்றிலும் கட்டிய கயிறுகள் தாங்குவதைப் போன்றது இது. பக்கவாதத்தில் சில கயிறுகள் தொய்ந்துவிடுவதால் கையின் எடையே எலும்பைக் கீழே இழுக்கிறது. நாள் செல்லச் செல்ல வேறு சில இறுகிப்போய், கையை உள்நோக்கித் திருப்பி, மூட்டை விறைக்கச் செய்கின்றன.

கையை உயர்த்தும்போது தோள்பட்டை எலும்பும் உடன் சுழல வேண்டும். அது அசையாமல் கையை மட்டும் தூக்கினால் இடையிலுள்ள மென்திசுக்கள் நசுங்கும். ஆகவே நிபுணர் ஒரு கையால் அந்த எலும்பை வழிநடத்தி, மறு கையால் நோயாளியின் கையைத் தாங்கி, வலி தொடங்கும் எல்லைக்குள்ளேயே அசைக்கிறார். இது வலியையும் விறைப்பையும் குறைக்க உதவலாமே தவிர, தசைக்கு வலுவைத் திருப்பித் தராது. அதற்குப் பயிற்சி தனியே வேண்டும். வீட்டில் பராமரிப்பவர்கள், நோயாளியை எழுப்பும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது.

பலமாக இழுத்துத் திருகினால்தான் மூட்டு இளகும் என்று பலர் நம்புகிறார்கள். தாங்கும் தசைகள் தளர்ந்த தோளில் அத்தகைய முரட்டு இழுப்பு திசுக்களைக் காயப்படுத்தி, வலியைக் கூட்டிவிடும்.