சட்டம் கேளுங்கள்: அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாமா?

கேள்வி: என் தம்பிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ஆணா பெண்ணா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இங்க இதுக்கெல்லாம் ஏது சட்டம்? டல்லாஸ்ல மாமா இருக்காரு, அங்க போய் ஆபரேஷனை முடிச்சிடலாம்" என்கிறார்கள் வீட்டில். சரிதானா?
– பெயர் வேண்டாம், நங்கநல்லூர்

பதில்: சட்டம் இருக்கட்டும் அம்மா. முதலில், குழந்தையின் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் பார்த்தார்களா என்று இன்றைக்கே கேளுங்கள். இப்படிப் பிறக்கும் சில குழந்தைகளுக்கு அட்ரினல் சுரப்பியில் குறை இருக்கும். உடம்பில் உப்பு குறைந்து, சில வாரங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதற்கு மருந்து உண்டு, அதில்தான் அவசரம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உங்களுக்கு டல்லாஸைவிடப் பக்கம்.

இப்போது சட்டம். தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மறுத்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் கல்யாணம் செல்லும் என்றார். கூடவே, யாரும் கேட்காமலே, ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்ல முடியாத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு, பாலை மாற்றும் ஆபரேஷனைத் தடை செய்யவும் சொன்னார். ஆகஸ்டில் அரசாணை வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு; அதையும் ஒரு குழுதான் முடிவு செய்யும். தம்பியின் கையெழுத்து மட்டும் போதாது.

உலகத்தில் இந்தத் தடையை முதலில் சட்டமாக்கியது குட்டி நாடான மால்டா, 2015-ல். ஜெர்மனியே 2021-ல்தான் வந்தது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான தடை கிடையாது. டல்லாஸ் இருக்கும் டெக்சாஸ் மாநிலத்தின் கதை இன்னும் வேடிக்கை: 18 வயதுக்குள் தானே விரும்பிக் கேட்டாலும் பால் மாற்று சிகிச்சை கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். உங்கள் வீட்டுக் குழந்தையைப் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு! கேட்கிற பிள்ளைக்கு இல்லை, வாய் திறக்கத் தெரியாத சிசுவுக்குச் செய்யலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அதற்காக நாம் எல்லாவற்றிலும் முன்னால் இருக்கிறோம் என்று சொல்லமாட்டேன். இரண்டு பெண்கள் தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து சட்டப்படி கல்யாணம் செய்யலாம், சென்னையில் முடியாது. 2023-ல் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. சிங்கப்பூர், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கிய கையோடு, கல்யாணத்துக்கு யாரும் கோர்ட் படியேற முடியாதபடி அரசியல் சாசனத்தையும் திருத்திக்கொண்டது. இலங்கையில் ஒருபால் உறவைக் குற்றமாக்கும் 365-ஆம் பிரிவு இன்னும் இருக்கிறது.

டிக்கெட் போட்டிருந்தால் கேன்சல் செய்யச் சொல்லுங்கள். இப்போதைக்கு ஆண், பெண் என்று ஒன்றைச் சொல்லி வளர்க்கலாம், பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அறுத்ததை ஒட்ட முடியாது. அந்த அரசாணையின் நகல் ஒன்றைத் தம்பி கையில் வைத்திருக்கட்டும், டாக்டரிடம் காட்ட உதவும்.