பூ மழையிலிருந்து நியூயார்க் சந்தை வரை: காபிக் காய்ப்பும் விலையும் – கேள்வி பதில்

கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடிப் பக்கம் அரபிகா வகைக் காபி பயிரிடும் தோட்டக்காரர் ஒருவரிடம் பல ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும்.

பண்ணைக்காடு, சிறு விவசாயி: அண்ணா, மார்ச் மாதம் ஒரு மழை பெய்தது. அதன்பிறகு ஒரு சொட்டும் இல்லை. இந்த வருடக் காபிக் காய்ப்பு போய்விட்டதா?

அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம் தம்பி. முதலில் தோட்டத்துக்குள் போய்க் கணுக்களைப் பாருங்கள். மொட்டை மலரவைக்கும் அந்தப் பூ மழை ஒரே வீச்சில் ஓர் அங்குலமாவது பெய்திருந்தால் ஒன்பது, பத்து நாளில் மொட்டு வெள்ளையாக விரிந்திருக்கும். தூறலோடு நின்றிருந்தால் மொட்டு பாதி உப்பி, இளஞ்சிவப்பாக மாறி, விரியாமலே காய்ந்துபோகும். இளஞ்சிவப்பு அதிகம் தெரிந்தால் அந்தக் கணுக்களில் காய் எதிர்பார்க்காதீர்கள்.

பூ நன்றாக விரிந்திருந்தால் அடுத்த தேவை பின்மழை. இரண்டு, மூன்று வாரத்துக்குள் அது வந்தால்தான் பிஞ்சு நிற்கும். கிணறோ ஓடையோ இருந்தால் தெளிப்பு நீர் கொடுத்துவிடுங்கள். இந்த வெயிலில் நிழல் மரங்களைக் கிளை வெட்டிக் கவாத்து செய்துவிடாதீர்கள். நம் மலையில் பூப்பு ஒரே தடவையில் முடிவதில்லை. தவணை தவணையாகப் பூப்பதால்தான் பறிப்பும் மாதக்கணக்கில் இழுக்கிறது. முதல் பூ தவறினாலும் ஏப்ரல் மழைக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு.

பெங்களூரில் வேலை, தோட்டம் பெரும்பாறையில்: எங்கள் தோட்டத்தில் என்ன விளைந்தாலும் அப்பா பிரேசில் செய்தியைத்தான் கேட்கிறார். அங்கே பனி விழுந்தால் இங்கே ஏன் விலை ஏற வேண்டும்?

உங்கள் அப்பா பார்ப்பதுதான் சரி. உலகக் காபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரேசிலில் விளைகிறது. இந்தியாவின் பங்கு நூற்றுக்கு நான்குகூட இல்லை. அதிலும் பெரும்பகுதி கர்நாடகத்தின் ரொபஸ்டா, நம் அரபிகா அல்லாத இன்னொரு காபி வகை. நம் மலை முழுவதும் காய்த்துக் குலுங்கினாலும் உலக விலை ஒரு பைசா அசையாது.

பிரேசிலின் பருவம் நமக்கு நேர் எதிர். அங்கே பறிப்பு மே முதல் செப்டம்பர் வரை. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் உறைபனி பயம். செப்டம்பர், அக்டோபரில் பூ மழை. நமக்குக் காய் திரண்டுகொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் நமக்குக் கிடைக்கப்போகும் விலை அங்கே முடிவாகிறது. 1975 ஜூலையில் அங்கே விழுந்த பனியில் செடிகளே கருகின. அதன் பின்விளைவாக 1977இல் விலை உச்சம் தொட்டது. 2021 ஜூலையிலும் பனி விழுந்து விலை எகிறியது. பிறகு வறட்சியும் சேர்ந்துகொள்ள, அரபிகாவின் உலக விலை முடிவாகும் நியூயார்க் சந்தையில் 2024 டிசம்பரில் விலை 1977இன் உச்சத்தைக் கடந்தது, 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலரையும் தாண்டியது.

இதை நம் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். ஒரு பவுண்டு 454 கிராம். பவுண்டுக்கு 4 டாலர் என்றால் கிலோவுக்கு 8 டாலர் 80 சென்ட். டாலருக்கு 86 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 757 ரூபாய். இது தோல் நீக்கித் தரம் பிரித்த பச்சைக் கொட்டையின் விலை. நூறு கிலோ பழத்தில் சுமார் 20 கிலோ பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிக் கழுவி உலர்த்திய, உள்தோலோடு இருக்கும் கொட்டை), அதிலிருந்து 16 கிலோ கொட்டை தேறும். அப்படியானால் ஒரு கிலோ பழத்துக்குள் 120 ரூபாய் இருக்கிறது. பழத்தோல் உரிக்கும் பல்பர் இயந்திரத்தின் கூலி, உலர்த்தும் செலவு, வண்டி வாடகை, வியாபாரியின் லாபம் எல்லாம் அதிலிருந்துதான் கழிய வேண்டும். பழம் வாங்க வருபவர் ஒரு விலை சொன்னால், அன்றைய நியூயார்க் விலையை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம்.

ஏறியது இறங்கவும் செய்யும். எந்த நாடு எவ்வளவு காபி ஏற்றுமதி செய்யலாம் என்று நாடுகள் பேசி வைத்திருந்த ஒதுக்கீடு 1989இல் முறிந்தது. பின்னர் வியட்நாம் ஏராளமாகக் காபி நட்டு உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தியாளராக வளர்ந்தது. 2001இல் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அந்தக் காலத்தில் பறிப்புக் கூலிக்கே கட்டுபடியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டவர்கள் உண்டு.

ஆடலூர்: பறிப்பு நேரத்தில் மழை விடுவதில்லை. பழமாகவே விற்றுவிடலாமா, பார்ச்மென்ட் போடலாமா?

கர்நாடகத் தோட்டக்காரர்களுக்கு இல்லாத சோதனை இது. அவர்களுக்குத் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து வெயில் அடிக்கும்போது பழம் பழுக்கிறது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை கொட்டும்போதுதான் முதல் பழம் கைக்கு வருகிறது. கனமழையில் பழம் உதிரும், வெடிக்கும், களத்தில் கிடப்பது பூஞ்சாணம் பிடிக்கும்.

காயவைக்க இடம் இருந்தால் பார்ச்மென்ட் போடுங்கள் என்றே சொல்வேன். பறித்த அன்றே பல்பரில் போட வேண்டும். நம் குளிருக்குத் தொட்டியில் நொதிக்க ஒரு நாளுக்கு மேலும் ஆகும். கடிகாரத்தை நம்பாதீர்கள். ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவித் தேய்த்துப் பாருங்கள். வழுவழுப்பு போய்க் கூழாங்கல் உரசுவது போலச் சொரசொரவென்று சத்தம் வந்தால் கழுவிவிடலாம். தரையில் பரப்பாமல் வலைத்தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, மேலே பாலிதீன் கூரை போடுங்கள். காய்ந்துவிட்டதா என்பதற்குத் தோலை உரித்துக் கொட்டையைப் பல்லால் கடித்துப் பாருங்கள். உடைந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

காயவைக்க வழியே இல்லையென்றால் பழமாகக் கொடுத்துவிடுங்கள். வாடை பிடித்த பார்ச்மென்ட்டை விட நல்ல பழம் மேல். ஆனால் பூவிலேயே தோட்டத்தை மொத்தமாகப் பேசி முன்பணம் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஏப்ரலில் வாங்கும் அந்தப் பணத்துக்காக பிரேசிலின் ஜூலைப் பனியால் வரக்கூடிய லாபத்தை முழுவதும் அடுத்தவருக்கு எழுதிக்கொடுக்கிறோம். அவசரம் என்றால் நகையை வைத்தாவது சமாளியுங்கள்.

மதுரை, இல்லத்தரசி: காபி விலை இறங்கியது என்று பேப்பரில் போடுகிறார்கள். கடையில் தூள் விலை இறங்கவே இல்லையே?

அம்மா, இன்று நீங்கள் வாங்கும் தூள் சில மாதங்களுக்கு முந்தைய விலையில் வாங்கிய கொட்டை. வறுக்கும்போது எடையில் ஆறில் ஒரு பங்கு வரை குறையும், அதுவும் விலையில் சேரும். ஒன்று மட்டும் பாருங்கள்: கொட்டை விலை ஏறும் காலத்தில் சிக்கரி கூடலாம். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. பாக்கெட்டில் அளவு அச்சிட்டிருக்கும்.

நீலகிரி கூடலூர், ரொபஸ்டா விவசாயி: ஐயா, எங்களுக்குப் பறிப்பு ஜனவரிக்குப் பிறகுதான். உடனே விற்பதா, வைத்திருப்பதா?

ரொபஸ்டா விலைக்கு லண்டன் சந்தையையும் வியட்நாமையும் பாருங்கள். அங்கே அக்டோபர் கடைசியில் தொடங்கும் பறிப்பு உங்கள் பறிப்பு வரை ஓடுவதால், நீங்கள் களத்தில் உலர்த்தும் நேரத்தில் சந்தையில் சரக்கு நிறைந்திருக்கும். செலவுக்கு வேண்டியதை உடனே விற்றுவிட்டு, மீதியைப் பிரித்துப் பிரித்து விற்பதே என் வழி. உச்ச விலைக்குக் காத்திருந்து எல்லாவற்றையும் கட்டிவைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

இன்னொன்று. இந்தியாவில் காய்த் துளைப்பான் என்ற பூச்சி முதன்முதலில் 1990இல் உங்கள் கூடலூர்ப் பகுதியில்தான் தென்பட்டது. பறிப்பு முடிந்ததும் செடியில் தங்கியதையும் தரையில் உதிர்ந்ததையும் ஒன்று விடாமல் பொறுக்கிவிடுங்கள்.

கே.சி.பட்டி: போன வருடம் கிளை ஒடியக் காய்த்த செடி, இந்த வருடம் வெறுமையாக நிற்கிறது. நோயா?

நோய் இல்லை, களைப்பு. அரபிகாவின் சுபாவம் அது. காய்த்த ஆண்டில் உரத்தைக் குறைக்காமல், பறிப்பு முடிந்ததும் கவாத்து செய்தால் இந்த ஏற்ற இறக்கம் தணியும்.

பாச்சலூர்: விலை நன்றாக இருப்பதால் நிழல் மரங்களைக் குறைத்து நெருக்கி நடலாம் என்று இருக்கிறேன்.

வேண்டாம். நிழல் குறைந்த இடத்தில்தான் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற பூச்சி பெருகும். இன்று நடும் கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டு ஆகும். அதற்குள் உலகம் முழுவதும் இதே விலையைப் பார்த்து நட்டவர்களின் காபியும் சந்தைக்கு வந்துவிடும். செத்த செடிகள் இருந்த குழிகளை மட்டும் நிரப்புங்கள். எந்த ரகம் என்பதற்குத் தாண்டிக்குடியில் உள்ள காபி வாரிய ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். மிச்சப் பணத்தில் உலர்த்தும் கூரை ஒன்று போடுங்கள்.